தூக்கத்தில் நின்ற இதயங்கள்: இசிஜி சொல்லும் கதை

சைனாடவுனிலிருந்து நடந்தே போய்விடலாம், ஊட்ரம் மருத்துவ வளாகத்துக்கு. சிங்கப்பூர் பொது மருத்துவமனையும் தேசிய இதய நிலையமும் அங்குதான் உள்ளன. இசிஜி தாளில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைக் கண்டால் இதய மருத்துவர்கள் இன்று உடனே எச்சரிக்கை அடைவார்கள். 1980களில் அதற்குப் பெயர்கூட இல்லை.

1982 முதல் 1990 வரை, தாய்லாந்தைச் சேர்ந்த கட்டுமான ஊழியர்கள் 230க்கும் மேற்பட்டோர் சிங்கப்பூரில் தூக்கத்திலேயே இறந்தனர். பெரும்பாலோர் 30 வயதையொட்டிய திடமான ஆண்கள். பிரேதப் பரிசோதனையில் மாரடைப்போ வேறு நோயோ தென்படவில்லை. தடயவியல் மருத்துவர் சாவ் சீ செங் உள்ளிட்டோர் இதுபற்றி 1990ல் ‘லான்செட்’ இதழில் எழுதினர். தாய்லாந்தின் வடகிழக்குக் கிராமங்களிலோ ‘விதவைப் பேய்’ ஆண்களைக் கொண்டுபோகிறது என்ற அச்சம் பரவியது. பேயை ஏமாற்ற, நகச்சாயம் பூசிக்கொண்டு படுத்த ஆண்களும் உண்டு.

கோளாறு இதயத் தசையில் இல்லை, அதில் ஓடும் மின்சாரத்தில் இருந்தது. இதயம் நின்ற பிறகு அந்த மின்சாரம் தடயம் விட்டுவைப்பதில்லை. உயிருள்ள உடலில் எடுத்த இசிஜியில்தான் அது தெரியும்.

இசிஜியில் முதலில் வரும் சிறு மேடு பி அலை, இதயத்தின் மேலறைகளுக்கு உரியது. அடுத்து ஊசிபோல் எழுந்து இறங்கும் கியூஆர்எஸ், கீழறைகள் இரண்டிலும் மின்சாரம் பரவுவதைக் காட்டும். பொதுவாக அது 0.12 விநாடிக்குள், அதாவது தாளின் மூன்று சிறு கட்டங்களுக்குள் முடிந்துவிடும். பிறகு கோடு தரைமட்டத்துக்கு வந்து சற்று ஓடும். அது எஸ்டி பகுதி. கடைசியில் வரும் டி அலை, கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவதைக் குறிக்கும்.

ஸ்பெயினைச் சேர்ந்த புருகாடா சகோதரர்கள் 1992ல் எட்டு நோயாளிகளிடம் கவனித்தது இந்த எஸ்டி பகுதியைத்தான். மார்பெலும்பின் இருபுறமும் ஒட்டப்படும் வி1, வி2 மின்முனைகளில், கோடு தரைக்கு இறங்காமல் குறைந்தது 2 மில்லிமீட்டர் உயரத்தில் நின்று, சரிவாக இறங்கி, டி அலை தலைகீழாகிறது. தூக்கத்தில் இறப்பிலிருந்து தப்பிய தாய்லாந்து ஆண்கள் பலரிடமும் இதே வடிவம் இருந்ததை மருத்துவர் நாடெமனீ குழுவினர் 1997ல் வெளியிட்டனர். இத்தகையோருக்குக் கீழறைகள் திடீரென ஒழுங்கின்றி நடுங்கத் தொடங்கினால் இசிஜி வெறும் கிறுக்கலாகிவிடும். ரத்த ஓட்டம் நிற்கும்.

தென்கிழக்காசிய ஆண்களிடம் இது அதிகம் என்றாலும், இந்தியர்களுக்கு வராது என்று சொல்வதற்கில்லை. சங்கடம் என்னவென்றால், இந்த வடிவம் வரும், போகும். எனவே ஒருமுறை எடுத்த தாளில் ‘நார்மல்’ என்று அச்சாகியிருப்பதை மட்டும் நம்பிவிட முடியாது. சந்தேகம் இருந்தால் மருத்துவர்கள் மின்முனைகளை ஒரு விலா இடைவெளி மேலே நகர்த்திப் பார்ப்பார்கள், மருந்து செலுத்தியும் சோதிப்பார்கள்.

காய்ச்சல் இதைத் தூண்டிவிடும். காரணமின்றி மயங்கி விழுந்தவர்களும், குடும்பத்தில் இளம் வயதில் யாரேனும் தூக்கத்தில் இறந்திருப்பவர்களும் அதைப் பலதுறை மருந்தகத்தில் தாங்களாகவே சொல்வது நல்லது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, நடுக்கத்தை உணர்ந்து மின்னதிர்ச்சி தரும் கருவி நெஞ்சில் பொருத்தப்படுகிறது.

தங்குவிடுதியிலோ வீட்டிலோ நள்ளிரவில் ஒருவர் விநோதமாக முனகி, மூச்சுக்குத் திணறி, தட்டியும் எழாவிட்டால் கெட்ட கனவு என்று விட்டுவிடக்கூடாது. 995ஐ அழைத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்கி, புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள ஏஇடி கருவியை எடுத்துவர ஒருவரை அனுப்பவேண்டும்.