நாய்ப் பட்டியில் ஓர் உத்தியோகம்!

எங்கள் ஊர் குத்துக்கல்வலசை. தென்காசிக்குப் பக்கம். 'ஏம்லே குத்துக்கல்லு மாதிரி நிக்கே, ஏதாவது வேலைக்குப் போக வேண்டியதுதானே?' என்று வீட்டில் திட்டு விழும்போதெல்லாம், சந்தடி சாக்கில் ஊரையும் சேர்த்துத் திட்டுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் வரும். என்னோடு பி.காம். முடித்த பையன்கள் பேங்க், பட்டாளம், துபாய் என்று உலகத்தில் உள்ள எல்லா வேலைக்கும் மனுப் போட்டார்கள். ஒருத்தன்கூட மனுப் போடாத வேலை ஒன்று உண்டு. நகராட்சி நாய்க் காப்பகத்தில் பராமரிப்பாளர்!

2025 ஆகஸ்ட் 11-ம் தேதி டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட். முதல் கட்டமாக 5,000 நாய்களுக்கு இடம் தயாராக வேண்டும். பதினோரு நாளில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள்; வெறிநாயையும் மூர்க்கமான நாயையும் மட்டும் விடாதீர்கள் என்றது. நவம்பர் 7-ல் இன்னொரு உத்தரவு: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இடங்களில் பிடிக்கிற நாயைத் திரும்ப அங்கே விடக்கூடாது, காப்பகம்தான்.

அந்த நாட்களில் எங்கள் டீக்கடையில் தினம் பட்டிமன்றம். பாதிப் பேர் நாய்க் கட்சி, பாதிப் பேர் கடிபட்ட கட்சி. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அண்ணாச்சி, அத்தனை நாயும் ஒரே இடத்தில இருந்தா, கூண்டை யாரு கழுவுவா?"

அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார். யோசித்தார். "அதுக்கு யாராவது ஒரு ஆளு போடுவாவ."

அந்த 'யாராவது ஒரு ஆளு'வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் தாத்தாக்கள் காலத்தில் 'பவுண்டு' என்றால் லண்டன் பணம் இல்லை. வயலில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கிற பட்டி. 1871-ம் வருஷக் கால்நடை அத்துமீறல் சட்டம் அந்தப் பட்டிக்கு ஒரு காவலரை நியமித்தது. பிடித்து வந்த மிருகங்களுக்குத் தீனியும் தண்ணீரும் அவர் பொறுப்பு. எத்தனை உருப்படி, என்ன அடையாளம், எந்த நாள், எந்த மணி, பிடித்தவர் யார், சொந்தக்காரர் யார் என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். (எனக்கு இது லெட்ஜர் மாதிரியே படுகிறது. ஒரே வித்தியாசம், இந்த லெட்ஜர் உதைக்கும்!)

அபராதப் பட்டியல் இன்னும் ரசமானது. ஆட்டுக்கு ஓரணா. கன்றுக்குட்டி, கழுதை, பன்றிக்கு இரண்டணா. மாட்டுக்கு நாலணா. எருமைக்கும் ஒட்டகத்துக்கும் எட்டணா. யானைக்கு இரண்டு ரூபாய்! பழக்கின யானையைத்தான் சொல்கிறார்கள். வடகரை, மேக்கரைப் பக்கம் தென்னையைச் சாய்க்கிற காட்டு யானையிடம் போய் யார் ரசீது நீட்டுவது? ஏழு நாளில் ஆள் வராவிட்டால் போலீஸுக்குத் தகவல், அப்புறம் தண்டோரா. அதற்கும் ஏழு நாளில் வராவிட்டால் ஏலம். அந்த ஏலத்தில் பட்டிக் காவலரும் மாட்டை வாங்கக்கூடாது. தீனி போட்ட கைக்கும் தடை! ஊழலைத் தடுக்கத்தான். இருந்தாலும் இரண்டு வாரம் பார்த்துக்கொண்ட பசுவை எவனோ ஓட்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் நாய் கிடையாது. நாயின் கதை வேறு. சென்னையில் மாநகராட்சி பிடித்த நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். 1990-களின் நடுவில் நாளைக்கு 135 நாய் வரை என்கிறது ப்ளூ கிராஸ். எழுபதுகளில் நாய்த் தோல் மலிந்துபோய் அதில் கழுத்து டை, பர்ஸ் எல்லாம் செய்து பார்த்தார்களாம். ஆபீஸுக்கு டை கட்டிப் போகிறவர்கள் பயப்பட வேண்டாம், இது பழைய கதை. கொல்ல வேண்டாம், கருத்தடை செய்யலாம் என்று ப்ளூ கிராஸ் யோசனை சொன்னது 1964-ல். மாநகராட்சி அதை எடுத்துக்கொண்டது 1996-ல். முப்பத்திரண்டு வருஷம்! நம் ஃபைல்களுக்கு இது நடுத்தர வேகம்தான்.

என் கணக்கில் பராமரிப்பாளர் என்கிற உத்தியோகம் பிறந்தது அப்போதுதான். உள்ளே போன நாய் உயிரோடு வெளியே வர வேண்டும் என்றால், நடுவில் ஒருத்தர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே!

அவருடைய காலை நேரம் கழுவுவதில் ஆரம்பிக்கிறது. சும்மா கழுவினால் போதாது, அதற்கும் வரிசை உண்டு. முதலில் குட்டிகள், அப்புறம் ஆரோக்கியமான நாய்கள், நோயாளிக் கூண்டு கடைசி. தலைகீழாகச் செய்தால் துடைப்பமும் செருப்புமே நோயை ஊர்வலம் அழைத்துப் போகும். பார்வோ என்கிற குட்டிகளைக் கொல்லும் வைரஸ் சாதாரண ஃபினாயிலுக்கு அசையாது. பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் அடங்கும். ஆபரேஷனுக்குப் போகிற நாய்க்கு முந்தின ராத்திரி முதல் பட்டினி. பாவம் பார்த்து ஒரு பிஸ்கட் போட்டாலும், மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக் குழாயில் அடைத்துக்கொள்ளலாம். ஆபரேஷன் முடிந்தால் தையலை நக்குகிறதா, ரத்தம் கசிகிறதா, சாப்பிடுகிறதா என்று நாலைந்து நாள் காவல். டாக்டர் அடுத்த நாயிடம் போய்விடுவார். நாளெல்லாம் பார்ப்பது இவர்தான்.

ஆபத்து எங்கே என்றால், குரைக்கிற நாயிடம் இல்லை. சாதுவாக, வாய் தொங்கி, எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கிற நாயிடம்! தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது போல என்று கையை விட்டால் தீர்ந்தது. ரேபீஸில் இப்படி ஊமை வகையும் உண்டு. தாடை செயலிழந்து தொங்கும். அறிகுறி வந்த பிறகு மனிதனைக் காப்பாற்ற மருந்து இல்லை. உலகத்தில் வருஷத்துக்கு 59,000 பேர் ரேபீஸில் சாகிறார்கள் என்றும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இத்தனைக்கும் ஊசி புதுசில்லை. பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போட்டது 1885-ல். நம்ம குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது 1907-ல். நமக்குக் கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓட வேண்டும். நாய்களோடு வேலை செய்கிறவர்கள் கடிபடுவதற்கு முன்னாலேயே ஊசி போட்டிருக்க வேண்டும். காப்பகத்துக்குக் கல்நாட்டு விழா நடத்துகிறவர்களிடம் யாராவது கேட்டுப் பாருங்கள்: இங்கே வேலைக்கு வரப்போகிற காண்ட்ராக்ட் ஆளுக்கு ஊசி போட்டாச்சா? கிளவுஸ், பூட்ஸ் உண்டா? லீவு எடுத்தால் மாற்று ஆள் யார்?

இன்னொரு சங்கதி. தெருவில் பிடித்த நாயை அதே தெருவில் விடச் சொல்கின்றன 2001-ம் வருஷ விதிகளும், அதற்குப் பதிலாக வந்த 2023-ம் வருஷ விதிகளும். அதில் காரணம் இருக்கிறது. நாய்க்குத் தெருதான் தேசம். அடுத்த தெருவில் இறக்கினால் அங்கே உள்ளவை கிழித்துவிடும். காலியான தெருவுக்கு ஊசி போடாத புது நாய் வந்து சேரும். ஆக, இவ்வளவு பெரிய திட்டமும் கடைசியில் ஒரு டோக்கன் நம்பரிலும், 'பிடித்த இடம்' என்று ஒருத்தர் நோட்டில் எழுதுகிற ஒரு வரியிலும் தொங்குகிறது. 1871-ல் எழுதச் சொன்ன அதே ரிஜிஸ்டர்தான்!

உங்கள் தெருவுக்கு நாய் வண்டி வந்தால், மாடியில் நின்று வேடிக்கை பார்க்காமல் இறங்கி வாருங்கள். செவலை எந்த வாசலில் படுக்கும், கறுப்பு யாரைத் துரத்தும், எது போன மாசம் குட்டி போட்டது என்று வலையோடு நிற்கிறவரிடம் சொல்லுங்கள். அவர் எழுதிக்கொள்வார். அப்படியே ஒரு டீ வாங்கிக் கொடுத்தாலும் தப்பில்லை.