நூலகத்தில் மாதம் ஒரு மாலை

வீட்டு வரி செலுத்தியதும் பஞ்சாயத்து அலுவலகத்தில் தரும் இரசீதை நம்மில் பெரும்பாலோர் படித்துப் பார்ப்பதில்லை. மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். அதைச் சற்று விரித்துப் பார்த்தால், வீட்டு வரியோடு நூலக வரி என்று ஓர் இனமும் சேர்ந்திருப்பதைக் காணலாம். வீட்டு வரி ரூபாய் ஒன்றுக்கு 10 காசு என்பது அதன் விகிதம். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் இதனைச் செலுத்துகிறார். நூலகத்தின் படியை வாழ்நாளில் ஒருமுறையும் மிதித்திராத குடியானவரும் செலுத்துகிறார். இவர்களுக்கு நூலகம் திருப்பித் தருவது யாது என்னும் வினாவைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தமக்குள் எழுப்பிப் பார்ப்பது தகும்.

இவ்வரிக்கு அடிப்படையானது 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். நாடு விடுதலை பெற்றபின் இந்தியாவில் இயற்றப்பெற்ற முதல் நூலகச் சட்டம் இதுவே. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் இதற்காகப் பல்லாண்டு உழைத்தார். அப்போது கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் இதனைச் சட்டமாக்கினார். சட்டம் வருமுன்பே, 1931-இல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்ற முயற்சி தொடங்கிவிட்டது. படிப்பவர் தேடி வரட்டும் என்று காத்திராமல், நூலகம் அவரிடம் செல்லவேண்டும் என்பது அவ்வண்டியைப் பூட்டியவர்களின் எண்ணம். அவ்வெண்ணத்தை இன்று நம் ஊரில் நிறைவேற்ற வண்டியும் மாடும் வேண்டுவதில்லை. மாதத்தில் ஒரு மாலைப்பொழுது போதும்.

கட்டடத்திற்கும் குறைவில்லை. 2006 முதல் 2011 வரை நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், அன்றிருந்த 12,618 கிராமப் பஞ்சாயத்துகளும் ஆண்டுக்கு ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளப்பட்டு, ஊர்தோறும் நூலகம் அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. ஈண்டு ஒரு வேறுபாட்டை உறுப்பினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் ஆகியவை பொது நூலகத் துறையைச் சேர்ந்தவை. அங்கு நிகழ்ச்சி நடத்த நூலகருடனும் அவருடைய வாசகர் வட்டத்துடனும் கலந்து பேசவேண்டும். மேற்சொன்ன திட்டத்தில் அமைந்த நூலகமோ பஞ்சாயத்தின் பொறுப்பிலுள்ளது. அது பூட்டிக் கிடக்குமாயின் அதற்கு மறுமொழி சொல்லவேண்டியது பஞ்சாயத்தே. 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பஞ்சாயத்துகளுக்கு உரியவையாகக் குறித்த 29 பொருள்களில் முதியோர் கல்வியும் நூலகமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டையும் ஓரிடத்தில் சேர்ப்பதுதான் மாதாந்திர நிகழ்ச்சி.

நாள்தோறும் நூலகத்திற்கு வந்து படிக்க உழவருக்கு ஏது நேரம் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. அதனாலேயே மாதத்தில் ஒரு நாளைக் குறிப்பிட்டு, அந்நாள் மாறாமல் நடத்தவேண்டும் என்கிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம். சந்தை நாளுக்கு மறுநாள் என்று வைத்துக்கொண்டால் இன்னும் எளிதில் நினைவில் நிற்கும். ஒருமுறை தள்ளிப்போட்டால் மறுமுறை பாதிப்பேர் வரமாட்டார்கள். நேரத்தைக் குறிக்கும்போது கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் நேரத்தை விலக்குக. மாலை ஏழு மணி ஆண்களுக்கு ஒத்துவரும். அடுப்பங்கரையில் நிற்கும் பெண்களுக்கு ஒத்துவராது. பெண்களுக்கென்று பிற்பகலில் தனியாக ஒரு வேளை ஒதுக்குவதே சரி. இரவு நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று குறைகூறுவது முறையன்று.

கூட்டம் என்றவுடன் ஒலிபெருக்கி, வரவேற்புரை, பொன்னாடை, தலைவர் உரை, நன்றியுரை ஆகியவை நினைவுக்கு வருவது நம் நாட்டு வழக்கம். இவை எவையும் வேண்டா. பொன்னாடைக்கு ஆகும் தொகையில் நல்ல நூல் ஒன்று வாங்கலாம். வேண்டுவது வட்டமாக உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர் கேட்டு, கேட்டதைப் பற்றிப் பேசும் கூட்டம். இவ்வகைக் கூட்டத்தின் ஆற்றலை நம் நாட்டிலேயே ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1956-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி நிறுவனமான யுனெஸ்கோவின் துணையுடன் அகில இந்திய வானொலி, புனே வட்டாரத்தில் ஐந்து மாவட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 150 கிராமங்களில் வானொலி மன்றங்களை அமைத்தது. பத்து வாரங்கள், வாரம் இருமுறை, அரைமணி நேர ஒலிபரப்பை மன்றத்தார் ஒன்றுகூடிக் கேட்டனர். கேட்டபின் தமக்குள் விவாதித்தனர். ஐயங்களை எழுதி வானொலிக்கு அனுப்பினர். பின்னர் டாட்டா சமூகவியல் நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, மன்றம் இல்லாமல் வானொலிப் பெட்டி மட்டும் இருந்த கிராமங்களைக் காட்டிலும் மன்றம் இருந்த கிராமங்கள் மிகுதியாக அறிந்துகொண்டிருந்தமை தெரியவந்தது. செய்தி இரு சாராருக்கும் எட்டியது; கூடிப் பேசியவர்களிடமே அது தங்கியது. 1960-களில் தஞ்சை உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் நெல்லை ‘ரேடியோ நெல்’ என்று பெயரிட்டழைத்த செய்தி முதியவர் பலருக்கு நினைவிருக்கும். இன்று செய்தி கைப்பேசியில் கொட்டுகிறது. அதில் எது மெய், எது நம் மண்ணுக்குப் பொருந்தும் என்று கூடிப் பேசுவதற்குத்தான் இடமில்லை.

என்ன படிப்பது என்பதை நூலகரோ தலைவரோ தனியாக முடிவுசெய்யலாகாது. ஊர் எதைப் பற்றிக் கவலைப்படுகிறதோ அதுவே அம்மாதத்தின் பொருள். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துக் கூறுவோம்.

பயிருக்கு மருந்தடிக்கும் பருவத்தில் பூச்சிமருந்தைப் பற்றி ஒரு கூட்டம் வைக்கலாம். மருந்துப் புட்டியோடு மடித்து வைத்த விளக்கத்தாள் ஒன்று வருகிறது. வட்டார மொழியிலும் அச்சிடவேண்டும் என்று விதியிருப்பதால் அதில் தமிழும் இருக்கும். ஆனால் எழுத்தோ எறும்பு ஊர்ந்தாற்போன்றது. வரப்பில் நின்று அதனைப் படிப்பவர் யார்? பெரும்பாலும் அது அவ்வரப்பிலேயே வீசப்படுகிறது. அத்தாளை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். காலிப் புட்டியைக் கொண்டுவர வேண்டா. நஞ்சு ஒட்டிய பொருள் நூலகத்திற்குள் வருதல் தகாது. கண்பார்வை நல்ல இளைஞர் ஒருவர் அத்தாளை நிறுத்தி நிறுத்திப் படிக்கட்டும். எந்தப் பயிருக்கு உரியது, ஏக்கருக்கு எவ்வளவு, கடைசியாக மருந்தடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் விடவேண்டும், நஞ்சு ஏறினால் தோன்றும் அறிகுறிகள் யாவை, மருத்துவர் கொடுக்கவேண்டிய மாற்று மருந்து யாது என்பவை யாவும் அதில் உள்ளன. மயங்கி விழுந்தவரை 108 வண்டியில் ஏற்றும்போது இத்தாளையும் உடன் அனுப்பினால் மருத்துவருக்கு எத்துணை உதவி என்று எண்ணிப் பாருங்கள்.

படிக்கத் தெரியாதவருக்கும் அக்கூட்டத்தில் பாடம் உண்டு. புட்டியின் மேலுறையில் சாய்சதுரமான ஒரு கட்டமும், அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறமும் இருக்கும். சிவப்பு மிகமிகக் கொடிய நஞ்சைக் குறிப்பது. அதற்குமேல் மண்டையோட்டுக் குறியும் காணப்படும். மஞ்சள் அதற்கு அடுத்த கொடுமையுடையது. நீலம் நடுத்தரமானது. பச்சை ஓரளவு நஞ்சுடையது. பச்சையைக் கண்டு தீங்கற்றது என்று கொள்வது பெரும்பிழை, நான்குமே நஞ்சுதான். எழுத்தறியாத கூலியாள் ஒருவர் இந்நான்கு நிறங்களை அறிந்துகொண்டு, சிவப்பு முக்கோணம் உள்ள மருந்தைக் கையுறையும் முகமூடியும் இல்லாமல் அடிக்கமாட்டேன் என்று நிலக்காரரிடம் சொல்வாராயின், அந்த ஒரு மாலைக்கு ஈடாக எதைச் சொல்வது? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் மாநிலத்தில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80 பேர். பெண்களில் 73 பேர். எஞ்சியோருக்கும் நூலகத்தில் இடம் உண்டு என்றால் அது இப்படிக் காதால் படிக்கும் இடமாகத்தான் இருக்கமுடியும்.

மற்ற மாதங்களுக்கும் பொருள் தானே அமையும். ஜமாபந்திக்கு முந்திய மாதம் நிலப் பத்திரங்களைப் படிக்கலாம். பட்டா எதைக் காட்டுவது, அடங்கல் எதைக் காட்டுவது, வில்லங்கச் சான்று எந்த அலுவலகத்தில் கிடைப்பது என்ற வேறுபாடு தெரியாமல் தரகரிடம் பணம் இழந்தோர் பலர். ஓய்வுபெற்ற கிராம அலுவலர் ஒருவர் அருகிலிருந்தால் அவரை அழைத்து மாதிரிப் படிவங்களைக் கையில் கொடுத்து விளக்கச் செய்யலாம். சம்பா நடவுக்குமுன் பயிர்க் காப்பீட்டு அறிவிப்பைப் படிக்கலாம். 2016-இல் தொடங்கிய பிரதமர் காப்பீட்டுத் திட்டத்தில் உழவர் செலுத்தும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் கரீப் உணவுப் பயிருக்கு நூற்றுக்கு 2, ராபி உணவுப் பயிருக்கு 1½ என்று வகுக்கப்பட்டது. ஆலங்கட்டி மழை போன்ற இடர் நேர்ந்தால் 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டும் என்னும் விதியை, இடர் நேர்ந்தபின் அறிந்து என்ன பயன்? அடைமழைக் காலத்தில் வயலில் வேலை குறைவு. அம்மாதங்களில் நல்ல கதையொன்றைப் படித்துக் காட்டினால் யாரும் குறைசொல்லமாட்டார்கள். எப்போதும் விதையும் உரமும் என்றிருந்தால் நூலகமும் வேளாண்மை அலுவலகமாகிவிடும். தை மாதத்தில் அறுவடையும் திருநாளும் இருப்பதால் கூட்டம் வைக்காமலிருப்பதே நன்று.

முதியவர்களைக் கேட்பவராக மட்டும் உட்கார வைக்கவேண்டா. ஆண்டில் ஒரு மாலை அவர்களே பேசட்டும். ஏரியின் பழைய மதகுகள் எங்கிருந்தன, வரத்துவாய்க்கால் எவ்வழி ஓடிற்று, கைவிட்டுப்போன நெல்வகைகள் யாவை என்பவற்றை ஓர் இளைஞர் எழுதிக்கொள்ளட்டும். அக்கையேடு நூலகத்தில் இருக்குமானால், ஆக்கிரமிப்பு வழக்கு வரும் நாளில் எங்கு தேடத் தொடங்குவது என்பதாவது ஊருக்குத் தெரியும்.

நிகழ்ச்சி நூலகத்தில் நடப்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும் அல்லவா? அன்றைய பொருள்பற்றிய நூல்கள் நான்கைந்தை அலமாரியிலிருந்து எடுத்து நடுவில் மேசைமேல் வைத்துவிட வேண்டும். இல்லாத நூலை மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். கூட்டம் முடிந்து எழும்போது இருவரேனும் நூலைக் கையோடு எடுத்துச்செல்வார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வந்தவர் எண்ணிக்கையையும், விடை கிடைக்காத கேள்விகளையும் எழுதி வைக்கவேண்டும். விடை கிடைக்காத கேள்விகளே அடுத்த மாதத்தின் பொருள்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நூலகக் கட்டடம் எந்தத் தெருவில் அமைந்திருக்கிறதோ அத்தெருவினரின் சொத்தாகவே அது சில ஊர்களில் கருதப்படுகிறது. பட்டியல் வகுப்பினர் குடியிருப்பிலிருந்து வருவோர் வாசலில் தயங்கி நிற்கும் நூலகம் பொது நூலகம் ஆகாது. நூலக வரி எல்லாத் தெருவிலும்தான் வசூலாகிறது. ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அக்குடியிருப்பின் சமுதாயக் கூடத்திலோ பள்ளித் திண்ணையிலோ என்று மாற்றி மாற்றி நடத்துவது இதற்குக் கைகண்ட வழி. அனைவரும் ஒரே பாயில் உட்காரவேண்டும். நாற்காலி போடுவதாயின் எல்லோருக்கும் போடவேண்டும்.

செலவு பெரிதன்று. ஒரு நல்ல விளக்கு, பாய், குடிநீர், வாய்ப்பிருந்தால் சுக்குக் காப்பி. ஆயினும் அதையும் ஒருவர் கைக்காசில் விட்டுவிட்டால் மூன்றாம் மாதம் நின்றுபோகும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. அடுத்து வரும் சபையில் இதனை ஒரு பொருளாக வைத்து, எந்த நாள், எந்த நேரம், செலவு எந்தக் கணக்கில் என்பவற்றைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். அத்தீர்மானத்தில் நூலகத்தின் சாவி யார் வீட்டில் இருக்கும் என்பதையும், அவர் ஊரில் இல்லாத நாளில் அதனை வாங்கித் திறப்பவர் யார் என்பதையும் பெயர் குறிப்பிட்டு எழுத மறவாதீர்கள்.