எல்லாம் மூலம் இல்லை! வெட்கப்பட்டு மறைத்தால் பவுத்திரம் குடைந்து விடும்

மஞ்சக்குப்பம்:

மலம் கழிக்கும் இடத்தில் வலி, ரத்தம், வீக்கம் எது வந்தாலும் நம்ம ஊரில் ஒரே பெயர்தான், மூலம். "சூடு புடிச்சிருக்கு, மோர் குடிச்சா சரியாப் போயிடும்" என்று சொல்லி மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர்கள் அதிகம். பெண்கள் வீட்டில்கூட வாய் திறப்பது இல்லை. கடைசியில் பஸ்சிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் "ஆபரேஷன் இல்லாமல் குணம்" நோட்டீசை பார்த்து போலி டாக்டரிடம் போய் மாட்டிக் கொள்கிறார்கள்.

ஆனால் அந்த இடத்தில் வரும் நோய்கள் பல. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

சீழ் வடிந்தால் பவுத்திரம்

ஆசனவாய்க்கு உள்ளே சின்னச்சின்ன சுரப்பிகள் உள்ளன. அதில் கிருமி புகுந்தால் சீழ்கட்டி வரும். கட்டி உடைந்ததும் வலி குறையும். "அப்பாடா, சரியாப் போச்சு" என்று தோன்றும். ஆனால் பலருக்கு உள்ளே இருந்து வெளித்தோல் வரை எலி வளை போல ஒரு பாதை விழுந்து விடும். இதுதான் பவுத்திரம். ஆறுவது போல் ஆறும், மறுபடி சீழ் வடியும். மாத்திரை மட்டும் சாப்பிட்டால் அந்த வளை மூடாது. விட்டால் கிளை விட்டு பரவும். சிலருக்கு காசநோய் காரணமாகவும் இது வரலாம்.

ராஜாவையும் விடவில்லை

பிரான்ஸ் நாட்டு மன்னர் 14-ம் லூயிக்கே பவுத்திரம் வந்தது. 1686-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஆபரேஷன் செய்துதான் குணமானார். மன்னருக்கே வந்த நோய்க்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

நம்ம நாட்டு வைத்தியத்தில் காரநூல் சிகிச்சை உண்டு. நாயுருவி உப்பு, கள்ளிப்பால், மஞ்சள் தடவிய நூலை பாதைக்குள் கட்டுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் இதை ஆபரேஷனோடு ஒப்பிட்டு 1991-ம் ஆண்டு முடிவை வெளியிட்டது. ஆபரேஷனில் புண் ஆற சுமார் 4 வாரம், காரநூலில் சுமார் 8 வாரம் ஆனது. ஆனால் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது ஆபரேஷனில் 100-க்கு 11 பேருக்கு, காரநூலில் 4 பேருக்குத்தான்.

இதை படித்த டாக்டர்தான் செய்ய வேண்டும். தெரியாதவர் நூல் கட்டினாலோ, கண்டபடி ஊசி போட்டாலோ, மலத்தை அடக்கும் தசை கெட்டு விடும். பிறகு ஆயுசுக்கும் மலம் தானாக கசியும் கொடுமை வந்து சேரும்.

மற்ற தொல்லைகள்

* வெடிப்பு: மலம் கழிக்கும்போது கத்தியால் கீறுவது போல வலி, பிறகு மணிக்கணக்கில் எரிச்சல். மலத்தை இளக்கினால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே ஆறிவிடும்.

* குடல் வெளியே தள்ளுவது: வயதானவர்கள், பல பிரசவம் ஆன பெண்கள், சின்ன குழந்தைகளுக்கு வரலாம். தள்ளியது உள்ளே போகவில்லை, கருத்து விட்டது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

* வால் எலும்பு கட்டி: முடி உள்ளே குத்தி சீழ் பிடிப்பது. 2-ம் உலகப்போரில் ஜீப்பில் அலைந்த அமெரிக்க சிப்பாய்களுக்கு அதிகம் வந்ததால் 'ஜீப் நோய்' என்றே பெயர். நாள் முழுக்க சீட்டில் இருக்கும் ஆட்டோ, லாரி டிரைவர்கள் கவனிக்க வேண்டும்.

* திடீர் குத்தல்: ராத்திரி தூக்கத்தில் சுருக்கென்று பிடித்து சில நிமிடத்தில் விட்டு விடும். பயப்பட வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

கீரை, கொய்யா, வாழைத்தண்டு, கேழ்வரகு சாப்பிடுங்கள். தண்ணீர் நிறைய குடியுங்கள். முக்காதீர்கள், கக்கூசில் செல்போன் பார்த்துக் கொண்டு உட்காராதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய டப்பில் 10 நிமிடம் உட்கார்ந்தால் வலி குறையும்.

இவற்றை அலட்சியம் செய்யாதீர்கள்

ரத்தம் போவதோடு உடம்பு இளைப்பது, மலம் போகும் வழக்கம் மாறுவது இருந்தால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம். காய்ச்சலுடன் வீக்கம் வந்தால், அதுவும் சர்க்கரை நோயாளி என்றால், ஒருநாள் கூட தள்ளிப்போடக் கூடாது.

மஞ்சக்குப்பம் மக்களுக்கு கடலூர் அரசு தலைமை ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. சிதம்பரம் பகுதியினருக்கு அங்கேயே அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி உள்ளது. சீட்டு வாங்கி, "ஆபரேஷன் டாக்டரை பார்க்கணும்" என்று சொன்னால் போதும். டாக்டர் விரலால் சோதிக்க சில நிமிடம்தான் ஆகும். அந்த சில நிமிட வெட்கத்தை பொறுத்துக் கொண்டால், பல வருட வேதனை மிச்சம்.