குடலுக்குள் ஒரு குடித்தனம்

நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களை வரிசையாக நிறுத்தினால் அவ்வரிசை எவ்வளவு தூரம் நீளும்? 2016-இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஒருவர் உடலில் இவை சுமார் 38 லட்சம் கோடி. ஒன்றின் நீளம் 1 மைக்ரான் எனக் கொண்டால், வரிசையின் நீளம் 38,000 கிலோமீட்டர். ஏறக்குறைய பூமியின் சுற்றளவு! எடையோ மொத்தம் 200 கிராம்தான். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன.

இவற்றிற்கு உணவு ஏது? மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடுகிறது. கீரை, பயறு, பழம், தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றிலுள்ள நார்ச்சத்தைச் செரிக்கும் நொதிகள் நம்மிடம் இல்லை. அது பெருங்குடலை அடைகிறது. பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து, பியூட்டிரிக் அமிலம் முதலியவற்றை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு இதுவே முக்கிய எரிபொருள். அழற்சியை அடக்கும் ஒருவகை வெள்ளணுக்கள் பெருகவும் இது உதவுகிறது என்பதை 2013-இல் சுண்டெலிகளில் கண்டறிந்தனர்.

நார் கிடைக்காவிட்டால்?

குடல் சுவரின்மேல் வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று உண்டு. கிருமிகள் சுவரை நெருங்காமல் தடுப்பது இதுவே. 2016-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழுவினர், கிருமியற்ற சூழலில் வளர்ந்த சுண்டெலிகளின் குடலில் மனிதக் குடல் பாக்டீரியாக்கள் 14 வகைகளைக் குடியேற்றினர். நாரற்ற உணவு தந்தபோது, பசித்த பாக்டீரியாக்கள் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின, படலம் மெலிந்தது. பின்னர் நோய்க்கிருமி ஒன்றைச் செலுத்தியதும் இவ்வெலிகள் கடுமையான குடல் அழற்சிக்கு ஆளாயின. நார் உண்ட எலிகளோ நன்கு தாக்குப்பிடித்தன.

மனிதரில்

2015-இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்கக் கறுப்பின மக்கள் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் இரண்டு வாரங்கள் உணவை மாற்றிக்கொண்டனர். அமெரிக்கர் உண்ட நார் நாளொன்றுக்கு 14 கிராமிலிருந்து 55 ஆக உயர்ந்தது. ஆப்பிரிக்கருக்கு 66-லிருந்து 12 ஆகக் குறைந்தது. முன்னவர் குடலில் பியூட்டிரிக் அமிலம் இரண்டரை மடங்காயிற்று, அழற்சியும் தணிந்தது. பின்னவரிடம் அவ்வமிலம் பாதியாயிற்று, அழற்சி கூடியது. கொழுப்பின் அளவும் உடன் மாறியதால், பலன் முழுவதையும் நாருக்கே உரியதாக்க இயலாது. எனினும், மாற்றத்திற்கு 14 நாட்களே போதுமாயிருந்தன என்பதைக் கவனியுங்கள்.

நாரைத் திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பும். சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். இலையில் கீரையை ஒதுக்கிவைக்கும்போது, நம் பங்கை மட்டும் நாம் ஒதுக்குவதில்லை. சுவரைக் காக்கும் குடித்தனக்காரரின் சோற்றையும் சேர்த்தே ஒதுக்குகிறோம்.