விளிம்பின் வகையறிதல்

முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட அமைப்பைக் கணிதவியலார் கோட்டுரு என்பர். ஊர்களை முனைகளாகவும் சாலைகளை விளிம்புகளாகவும் கொண்டால் நாட்டின் போக்குவரத்தே ஒரு கோட்டுருவாகும். எனினும் விளிம்புகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. ஒரு முனையிற் புறப்பட்டு அம்முனைக்கே திரும்புவது கண்ணி. முன்னரே இணைந்த இரு முனைகளை மீண்டும் இணைப்பது பன்மை விளிம்பு. நாம் நண்பர்க்கும் நண்பர் நமக்கும் எழுதும் கடிதம்போல் இரு திசையிலும் அமைவது எதிரிணை விளிம்பு.

இலட்சக்கணக்கான விளிம்புகளில் இவ்வகைகளைக் கண்ணாற் பிரித்தறிதல் அரிது. ‘ஆர்’ என்னும் கணினி மொழியில் வழங்கும் ‘ஐகிராஃப்’ நிரல் தொகுப்பில் இதற்கெனச் செயற்கூறுகள் உள்ளன. ‘விச் லூப்’ கண்ணிகளையும், ‘விச் மல்டிபிள்’ பன்மை விளிம்புகளையும், ‘விச் மியூச்சுவல்’ எதிரிணைகளையும் சுட்டும்.

இன்று உருசியாவில் கலினின்கிராட் எனப்படும் கோனிக்ஸ்பர்க் நகரை எடுத்துக்கொள்வோம். பிரெகெல் ஆறு அந்நகரை நான்கு நிலப்பகுதிகளாகப் பிரித்தது; அவற்றை 7 பாலங்கள் இணைத்தன. நடுத்தீவிலிருந்து இரு கரைகளுக்கும் இரண்டிரண்டு பாலங்கள். கீழ்ப்பகுதியிலிருந்து ஏனைய மூன்றிற்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே முறை கடந்து நகரைச் சுற்றிவர இயலுமா என்னும் வினாவுக்கு, இயலாது என 1735-இல் விடை கண்டார் ஆய்லர். ஒற்றைப்படை எண்ணிக்கையில் விளிம்புகள் கூடும் முனைகள் இரண்டிற்கு மேற்படின் அத்தகைய வழி இராது. இங்கு 5, 3, 3, 3 என நான்கு முனைகளும் ஒற்றைப்படை.

இப்பாலங்களை ‘விச் மல்டிபிள்’ ஆராய்ந்தால் இரண்டினையே சுட்டும். ஒவ்வோர் இணையிலும் முதலாவதை அது பன்மையாகக் கருதாது. பாலம் ஒவ்வொன்றும் எத்தனை மடங்கு என அறியக் ‘கவுன்ட் மல்டிபிள்’ வேண்டும். இவற்றை ஆராயாது ‘சிம்ப்ளிஃபை’ எனும் செயற்கூற்றை ஏவினால், அவ்விரு பாலங்களும் நீங்கி 5 மட்டுமே எஞ்சும். முனையெண்கள் 3, 2, 2, 3 ஆகிவிடும். உடனே வழி உண்டு எனக் கணினி உரைக்கும்! ஆய்லர் கண்ட உண்மை தலைகீழாகிவிடும்.

உரையாசிரியர்தம் மேற்கோள்களைக் கோட்டுருவாக்க முனையும் தமிழ் மாணவர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். ஒரு நூல் இருமுறை வருவது பதிவுப் பிழையா, உரையாசிரியர் மெய்யாகவே இருமுறை எடுத்தாண்டாரா என்பதைச் செயற்கூறு அறியாது. மூலத்தைப் புரட்டிப் பார்த்து நாமே துணிதல் வேண்டும். அல்காரிதம் என்னும் சொல்லுக்குத் தம் பெயரை ஈந்த பக்தாத் அறிஞர் அல் குவாரிஸ்மியைப் போற்றும் நம் மாணவச் செல்வங்கள், கருவியோடு இக்கவனத்தையும் கைக்கொள்வாராக.