பேரியத் தேக்கம்

பேரியத் தேக்கம் என்பது, செரிமானப் பாதையை எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பதற்காகக் கொடுக்கப்படும் பேரியம் சல்பேட்டு, மலத்துடன் வெளியேறாமல் பெருங்குடலில் தங்கி இறுகிவிடும் நிலையாகும். அரிதான இச்சிக்கல் பெரும்பாலும் அறுவை சிகிச்சையின்றியே தீர்க்கப்படுகின்றது.

காரணம்

பேரியம் சல்பேட்டு நீரில் கரையாது; குடலால் உறிஞ்சப்படுவதும் இல்லை. (கரையக்கூடிய பிற பேரிய உப்புகள் நஞ்சாகும்.) நீர்மக் கலவையாக உட்செல்லும் இது பெருங்குடலை அடைந்ததும், அதிலுள்ள நீர் மட்டும் உறிஞ்சப்படுவதால் சுண்ணாம்புச் சாந்து போல் இறுகுகின்றது. முதியோர், நெடுநாள் மலச்சிக்கல் உடையோர், நீர் குறைவாக அருந்துவோர் ஆகியோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகின்றது.

காலமும் தொலைவும்

சோதனை முடிந்தவர் அன்றே வீடு திரும்புவது வழக்கம். தொல்லையோ சில நாட்கள் கழித்தே தெரியவரும். கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. அங்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆயினும் கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கோ அதற்கும் அப்பாலுள்ள சிற்றூருக்கோ திரும்பிய ஒருவர், சோதனை செய்த மருத்துவமனைக்கு மீண்டும் வர மலைப்பாதையில் இறங்கியே வரவேண்டும். ஆகவே எதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எதற்கு உடனே புறப்பட வேண்டும் என்பதைச் சோதனை நாளன்றே கேட்டறிவது இன்றியமையாதது.

ஓரிரு நாட்கள் மலம் வெண்மையாகப் போவது இயல்பே. மலம் போகாமலிருப்பதே கவனிக்க வேண்டியது. சில வேளைகளில் இறுகிய கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் மட்டும் கசியும்; இதை வயிற்றுப்போக்கு எனக் கருதி நீர் அருந்துவதைக் குறைத்தால் கட்டி மேலும் இறுகும்.

அறுவையற்ற சிகிச்சை

எக்ஸ்-கதிர்ப் படத்தில் பேரியம் பளிச்சென வெண்மையாகத் தெரிவதால், தேங்கிய இடத்தை அறிவது எளிது. இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக நீர் அளவு கட்டுப்படுத்தப்படாதவர்களுக்கு மிகுதியான நீரும், லாக்டுலோசு போன்ற மலமிளக்கியும் தரப்படும். மலக்குடலில் உள்ள கட்டியை எனிமாவால் இளக்கியோ, மருத்துவர் கையுறையணிந்த விரலால் உடைத்தோ அகற்றுவர். மேலே இருப்பின் பெருங்குடல் அகநோக்கி வழியாக நீர் பாய்ச்சி உடைப்பதுண்டு.

குடல் முழுதும் அடைபட்டிருக்கையில் மலமிளக்கி தீங்கு செய்யும். வயிறு உப்பி வாந்தி எடுத்தல், காற்றும் பிரியாமை, காய்ச்சல், வயிறு பலகை போல் விறைத்தல் ஆகியன தோன்றினால் வீட்டு வைத்தியம் கூடாது. குடலில் துளை விழுந்து பேரியம் வயிற்றறைக்குள் கசிந்தால் கடும் அழற்சி உண்டாகும். அதற்கு உடனடி அறுவை சிகிச்சையே வழி. இதனாலேயே, துளை இருக்குமென ஐயமுள்ளபோது பேரியத்திற்குப் பதிலாக நீரில் கரையும் அயோடின் கலவை பயன்படுத்தப்படுகின்றது.