அசோகரை அடையாளம் காட்டிய கடிதம்

வரலாற்றுப் பாடத்தில் அசோகச் சக்கரவர்த்தியைப் பற்றிப் படிக்கும்போது, அவரை உலகம் எக்காலமும் அறிந்தே இருந்தது போல நமக்குத் தோன்றும். ஆனால் வட இந்தியாவில் நிற்கும் பெரிய கற்றூண்களில் பேசுபவர் அவர்தான் என்பது 1837 ஆம் ஆண்டுவரை ஆய்வாளர் எவருக்கும் தெரியாது. அதைத் தெரியவைத்தது இலங்கையிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்ற ஒரு கடிதம்.

எழுதியவர் ஜோர்ஜ் டர்னர். 1799 இல் இலங்கையில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1818 இல் இங்கே சிவில் சேவையில் சேர்ந்தார். சப்பிரகமுவவில் கடமையாற்றிய காலத்தில் ஒரு பௌத்த பிக்குவிடம் பாலி கற்றார். மகாவம்சத்தின் செய்யுள்கள் மிகச் சுருக்கமானவை. உரை இல்லாமல் பல இடங்கள் விளங்கா. அந்த உரையின் பிரதி, தங்காலைக்கு அருகிலுள்ள முல்கிரிகல விகாரையிலிருந்து அந்தப் பிக்குவின் உதவியால்தான் அவருக்குக் கிடைத்தது. டர்னரைப் புகழும்போது அந்த ஆசிரியரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம் என்பது என் எண்ணம்.

கல்கத்தாவில் கடிதத்தைப் பெற்றவர் ஜேம்ஸ் பிரின்செப். அவரும் 1799 இல் பிறந்தவரே. நாணயசாலையில் வேலை பார்த்துக்கொண்டே வங்காள ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையை நடத்தினார். சாஞ்சியில் காணப்பட்ட சிறுசிறு கல்வெட்டுகள் பல, ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதை அவர் கவனித்தார். பக்தர்கள் கொடுத்த நன்கொடைகளின் குறிப்பாக இருந்தால் அந்தச் சொல் ‘தானம்’ ஆகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பிராமி எழுத்துகளை வாசித்துவிட்டார்.

தில்லித் தூணில் ‘தேவானம்பிய பியதசி’ என்ற அரசர் பேசினார். யார் அவர்? அவருக்குத் தெரிந்த இந்திய அரசர் பட்டியல்களில் அப்படி ஒரு பெயர் இல்லை. டர்னரின் ஆய்வுகள் வழியாகத் தெரிந்திருந்த ஒரே பெயர் நம் நாட்டுத் தேவானம்பிய தீசன். ஆகவே தூண்கள் அவனுடையவை என்றே பிரின்செப் கருதினார். அநுராதபுரத்து அரசனின் கட்டளை தில்லிக்கு எப்படிப் போனது என்று இன்று நாம் சிரிக்கலாம். அன்று கையில் இருந்த சான்று அவ்வளவுதான்.

டர்னர் சியாம் தேசத்திலிருந்து வந்த தீபவம்சப் பிரதி ஒன்றைப் புரட்டினார். அதில் விடை இருந்தது. பியதசி சந்திரகுப்தரின் பேரர், பிந்துசாரரின் மகன். புத்தர் பரிநிர்வாணமடைந்து 218 ஆண்டுகளின் பின் முடிசூடியவர். அதாவது அசோகர். உடனே கல்கத்தாவுக்கு எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்துவரும் பகுதி. சஞ்சிகையின் ஆசிரியரே பிரின்செப்தான். தன் கருத்தைத் தவறென்று காட்டும் செய்தியை அவர் மறைக்கவில்லை. அதே ஆண்டில் தன் சஞ்சிகையிலேயே அச்சிட்டார்.

இருவருக்கும் ஆயுள் நீளவில்லை. பிரின்செப் நோயுற்று 1838 இல் இங்கிலாந்து திரும்பி, 1840 இல் காலமானார். டர்னர் 1843 இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இறந்தார். அதன் பின்னும் எச். எச். வில்சன் போன்ற அறிஞர்கள் பியதசியும் அசோகரும் ஒருவர்தானா என்று ஐயப்பட்டார்கள். 1915 இல் தென்னிந்தியாவின் மஸ்கியில் தங்கம் தேடிச் சென்ற ஒரு பொறியியலாளர், பாறையில் வெட்டப்பட்ட ஒரு சாசனத்தைக் கண்டார். அதில் ‘தேவானம்பிய’ என்ற பட்டத்துடன் ‘அசோக’ என்ற பெயரும் இருந்தது. கடிதம் எழுதப்பட்டு அப்போது 78 ஆண்டுகள் ஆகியிருந்தன.